மில் தரைக் கற்களின் மேல் ஒரு நாள்: கிண்டர் ஸ்கௌட் நடை

நேற்று இரவுதான் வந்து படுத்தோம். கால் வலி அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் லண்டனில் ராட்டினத்துக்கும் மெழுகு பொம்மைக்கும் கொட்டிக் கொடுக்கிற காசு எனக்கு ஆகவே ஆகாது. மான்செஸ்டரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஈடேல். அங்கே இறங்கி, கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறி, விளிம்போடு சுற்றி, வேறொரு பள்ளத்தாக்கு வழியாக அதே ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். 13, 14 கிலோமீட்டர் இருக்கும். நுழைவுச்சீட்டு கிடையாது, யாரும் தடுக்க மாட்டார்கள். ஏன் தடுப்பதில்லை என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். அதற்கு வருகிறேன்.

முதலில் ரயில். அக்கா வீட்டிலிருந்து நானும் மாமாவும் விடியற்காலையிலேயே கிளம்பிப் போனால், வண்டி ரத்து என்று பலகையில் ஓடுகிறது. காரணம் சொல்லவில்லை. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் குளிரில் நின்றோம். இரண்டு பேருக்கும் போக வர 30 பவுண்டுக்குப் பக்கம். அவ்வளவு வாங்கிக்கொண்டு இப்படி நிற்க வைப்பது அநியாயம். நம்மூர் பாசஞ்சர் வண்டியைக் குறை சொல்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பார்க்க வேண்டும்.

ஈடேல் சின்ன ஊர். 431 கிலோமீட்டர் ஓடி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் முடிகிற பென்னைன் வே நடைபாதை இங்கேதான் தொடங்குகிறது. நாங்கள் கிரைண்ட்ஸ்புரூக் ஓடையைப் பிடித்து ஏறினோம். கடைசிப் பகுதி பாதையே இல்லை, பாறைதான். கையை ஊன்றி ஏற வேண்டும், ஓடைத் தண்ணீர் காலுக்கடியில் போகும். வழவழத்த ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மேலே போய் நின்றதும் பேச்சு வரவில்லை. ஒரு மரம் இல்லை. ஆகஸ்ட் மாதம் என்பதால் ஹெதர் பூத்து, கண்ணுக்கெட்டிய வரை கருஞ்சிவப்பு கலந்த ஊதா. நடுவே தண்ணீர் அறுத்த கறுப்பு வாய்க்கால்கள், சில இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அந்தக் கறுப்பு மண்தான் பீட். பாசியும் செடியும் மக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்தது. கையில் எடுத்துப் பிழிந்தேன். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. பில்பெரிப் பழங்களைப் பறித்துத் தின்றுகொண்டே மேற்கே நடந்தோம்.

உல்பேக்ஸ் என்ற இடத்தில் பெரிய பெரிய பாறைகள், லாரியிலிருந்து பஞ்சுப் பொதிகளை இறக்கிப் போட்டது போல உருண்டு கிடக்கின்றன. காற்று படாத ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தோம். நல்லெண்ணெய் வாசம், வறுத்த வேர்க்கடலை, காரமாக உருளைக்கிழங்கு வறுவல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்க்க, அவருக்கும் ஒரு கை கொடுத்தோம். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தும் இன்னொரு கை கேட்டு வாங்கினார். அதற்குப் பதிலாக அவர் சொன்ன கதைதான் நான் சொல்ல வந்தது.

1932இல் இந்த மேடு பணக்காரர்கள் கிரௌஸ் பறவை சுடும் இடம். காவலாட்களை வைத்துச் சனங்களை விரட்டினார்கள். மான்செஸ்டர், ஷெஃபீல்டு மில்களிலும் பட்டறைகளிலும் வாரமெல்லாம் புகை குடித்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரிகிற மலையில் கால் வைக்க உரிமை இல்லை. அந்த வருடம் ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற 20 வயதுப் பையன் முன்னே நிற்க, சில நூறு பேர் ஹேஃபீல்டு பக்கமிருந்து அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. 1951இல் இதே வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. இப்படித் திறந்த மேடுகளில் எல்லோரும் நடக்கலாம் என்ற சட்டம் வந்தது 2000இல். 2002இல், அன்றைய நிலச் சொந்தக்காரக் குடும்பத்தின் டெவன்ஷர் பிரபு, 1932இல் தன் தாத்தா நடந்துகொண்ட விதத்துக்காக எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார்.

633 மீட்டர் உயரத்தில் கிண்டர் லோ என்ற இடத்தில் நிற்கிற கல்தூணைத் தொட்டுவிட்டு இறங்கும்போது பாதையில் பெரிய பலகைக் கற்கள். இடிந்துபோன பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கி வந்து போட்டவை என்றார் மாமா. ஒரு கல்லில் வட்டமான துளை, அதில் மழைத் தண்ணீர். இயந்திரத்தை முடுக்கியிருந்த இடமாம். நான் குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன். எங்கள் அப்பா கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். நம் நெசவாளிகளின் பிழைப்பைக் கெடுத்த துணி இந்த மாதிரித் தரைகளின் மேல்தான் நெய்யப்பட்டது. அந்தத் தரையில் நின்றவர்களும் எங்கள் அப்பா மாதிரி இருமியவர்கள்தான். அந்த மில் புகைதான் இந்த மேட்டின் பாசியைக் கொன்று பீட்டை மொட்டையாக்கியது. இப்போது அதே மில்லின் கல், மிதிபட்டுக் கரையாமல் பீட்டைக் காக்கிறது. 2003 முதல் இந்த வட்டாரத்து மேடுகளை மீட்கும் வேலை நடக்கிறது; ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டி, பாசியைத் திரும்ப நட்டு வருகிறார்கள். நட்ட பச்சை நன்றாகவே பிடித்திருக்கிறது.

ஜேக்கப்ஸ் லேடர் என்ற செங்குத்தான கல்படி இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும். ஊன்றுகோல் அவசியம். அப்புறம் வயல், ஆடு, காரை பூசாத கல் சுவர், ஸ்டேஷன்.

ஊருக்குள் டீயும் கேக்கும் ஆளுக்கு 7 பவுண்டு, நம் காசுக்கு 800 ரூபாயைத் தொடும். குடித்தோம், வேறு வழியில்லை. திரும்பும் வண்டியும் தாமதம். டாக்சிக்காரர் ஒருவர் மான்செஸ்டருக்கு 90 பவுண்டு கேட்டார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தோம்.

போகிறவர்கள் சனிக்கிழமை போங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், மழைச்சட்டை வெயிலடித்தாலும் பையில் இருக்கட்டும், காகித வரைபடம் ஒன்று வேண்டும்; மூடுபனி இறங்கினால் மேலே திசை தெரியாது. அடுத்தது, அந்தப் பையன்கள் ஏறிய ஹேஃபீல்டு பக்கமிருந்து ஏறுவதாக மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே ரயில் இல்லை, பஸ்தான். எவ்வளவு ஆகிறது என்று போய்வந்து எழுதுகிறேன்.