கிரீனி கை மாறிய கதை

இன்று பஸ்ஸில் ஒரு வீடியோ பார்த்தேன். மெட்டாலிகா ராக் குழுவின் கிட்டார் கலைஞர் கிர்க் ஹேமட் கையில் 1959 கிப்சன் லெஸ் பால் மின்கிட்டார். அதன் செல்லப்பெயர் கிரீனி!

கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றுவது பிக்கப்; கழுத்துப் பக்கத்து பிக்கப்பைப் பாருங்கள், திருப்பி மாட்டியிருக்கும். ஆனால் அந்தப் பேர்போன சத்தத்துக்குக் காரணம் அது இல்லை, உள்ளே காந்தம் திசைமாறி இருப்பதுதான். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் அலையை இன்னொன்று பாதி தின்றுவிடும், மிச்சம் வருவது மெலிந்து, மூக்கடைத்து அழுத மாதிரி ஒரு குரல்.

ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் கிட்டார் அது. 1970இல் குழுவை விட்டு விலகினார். அப்புறம் இளம் கிட்டார் கலைஞன் கேரி மூரிடம், உன் கிட்டாரை விற்று வருவதைக் கொடு போதும் என்று சொல்லி, நூறு பவுண்டுக்குச் சற்று மேலே கொடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு!

மூர் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். 1995இல் கிரீனுக்காகவே ஓர் ஆல்பம் போட்டார். 2006இல் கிட்டாரை விற்க வேண்டியதாயிற்று.

2014இல் ஹேமட் வாங்கினார். பெட்டியில் வைத்துப் பூட்டாமல் மேடை மேடையாகக் கொண்டுபோய் வாசிக்கிறார். அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.