வியூ பாயிண்ட்டுக்கு முடிஞ்சா நடந்தே போங்க

மலை உச்சி வியூ பாயிண்ட்டுக்கு கார்ல போறத விட நடந்து ஏறுறதுதாங்க எனக்கு பிடிக்கும், ஒவ்வொரு திருப்பத்துலயும் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழ போயிட்டே இருக்கும், காத்து மாறுறது தோல்லயே தெரியும். 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6 டிகிரி குறையும், அதனால ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். விடியக்காலைல போனா குளிர்ந்த காத்து பள்ளத்துல தங்கி மூடுபனி கீழயே வெள்ளையா கிடக்கும், நாம அதுக்கு மேல நிப்போம், கைப்பிடிக் கம்பிக்கு அடியில வரிசையா நீர்த்துளி தொங்கிட்டு இருக்கும், அப்பப்பா அதுக்கு ஈடே இல்ல!

வண்டில போறவங்க எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா சூடாகி பிடிக்காம போயிடும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க ப்ளீஸ்.