ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படித்தது

2011-இல் பாலக்கோடு வீட்டு டெஸ்க்டாப்பில் நானே ரைட் செய்து வைத்த டிவிடிகள் ஆறு. அக்கா கல்யாணம், குலதெய்வக் கோயில் பொங்கல், எல்லோருமாக ஒகேனக்கல் போனது. அந்த ஒகேனக்கல் டிஸ்க்கில்தான் எங்கள் ஆயா பரிசலில் உட்கார்ந்து, என் கையை இறுக்கிப் பிடித்தபடி பேசும் ஒன்றரை நிமிட வீடியோ இருக்கிறது. ஆயாவின் குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை. போன மாதம் அக்கா போனில், "டேய், ஆயா பேசுறது உன்கிட்டதானே இருந்துச்சு, அனுப்பேன்" என்றாள்.

ஓசூரில் என்னிடம் இருக்கும் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பி-யில் மாட்டும் டிரைவ் ஒன்று வாங்கினேன். மூன்று டிஸ்க் நன்றாகக் காப்பி ஆனது. ஒன்றைக் காலி டிஸ்க் என்றது. மீதி இரண்டில் ஃபைல் பெயர்கள் தெரிந்தன, காப்பி மட்டும் பாதியில் நின்று 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று, அதாவது படித்த டேட்டா சரியாக இல்லை என்று, பிழை வந்தது. அந்த இரண்டில் ஒன்று ஒகேனக்கல்.

ஊருக்குப் போனபோது அப்பா கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஆறையுமே அது தொடவில்லை. நல்ல டிஸ்க்கையும் சேர்த்துத் தள்ளுகிறதே என்று, கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டேன். அதுவும் ஓடவில்லை. பாட்டு சிடி போட்டால் ஓடுகிறது! அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. சிடி-க்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடி-க்கு 650. ஒரே டிரைவுக்குள் ஒன்று தளர்ந்து இன்னொன்று நன்றாக இருக்க முடியும். டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் கம்பெனியில் அச்சான டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். டிரைவ் நல்லதா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காலி என்று காட்டிய டிஸ்க்கை, அதை எழுதிய அதே பழைய டெஸ்க்டாப்பில் போட்டேன். எல்லா ஃபைலும் இருந்தது. அன்றைக்கு எழுதிவிட்டு செஷனை மூடாமல், அதாவது எழுதி முடிந்தது என்று டிஸ்க்கில் பதியாமல், விட்டிருக்கிறேன். மூடாத டிஸ்க்கை எழுதிய டிரைவ் புரிந்துகொள்ளும், மற்ற டிரைவுகள் பல சமயம் காலி என்றே காட்டும். முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். பிறகுதான் விண்டோஸ் 7-இல் டிரைவ் மேல் ரைட் க்ளிக் செய்து 'க்ளோஸ் செஷன்' கொடுத்தேன். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் மூடுவது என்பதும் டிஸ்க்கில் எழுதுகிற வேலைதான். இப்போது லேப்டாப்பிலும் திறக்கிறது.

பிழை வந்த இரண்டில் ஒன்றுக்குக் காரணம் டிஸ்க்கே இல்லை. யுஎஸ்பி டிரைவின் கேபிளில் இரண்டு பின் இருக்கிறது, நான் ஒன்றைத்தான் சொருகியிருந்தேன். மின்சாரம் போதாமல் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுபோயிருக்கிறது. இரண்டையும் சொருகியதும் கடைசி வரை படித்துவிட்டது.

ஒகேனக்கல் டிஸ்க் மட்டும் அசையவில்லை. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. டிஸ்க்கில் எழுதிய டேட்டா வட்டப் பாதையில் ஓடுவதால், அதன் வழியே விழும் கீறலை டிரைவால் சரிசெய்துகொள்ள முடியாது. குறுக்கே விழுந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். மேலே நான் ஒட்டிய காகித லேபிளைப் பிய்க்கலாமா என்று கை போனது, விட்டுவிட்டேன். பிய்த்தால் இருப்பதும் போகும். டிஸ்க்கை உள்ளிருந்து வெளியே எழுதுவார்கள், லேபிளின் எடையால் ஆட்டம் கொடுத்தால் முதலில் அடி வாங்குவது வெளி விளிம்பு. எனக்கும் கடைசியில் எழுதியவைதான் வரவில்லை. வீடியோ அங்கேதான் இருந்தது.

சாதாரணக் காப்பி ஒரு பிழை வந்தாலே நின்றுவிடும். அதனால் பென் டிரைவில் உபுண்டு என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை எடுத்தேன். அது படிக்க முடிந்ததை முதலில் எடுத்து, முடியாத இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கிறது. செக்டர், அதாவது டிஸ்க்கில் டேட்டா இருக்கும் சிறு துண்டு, 2048 பைட் அளவு என்று நாம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 512 என்று எடுத்துக்கொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அதே மேப் ஃபைலோடு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் விட்டுப்போன இடங்களை மட்டும் அங்கே முயன்று பார்க்கிறது. ஒவ்வொரு டிரைவும் தடுக்கி விழும் இடம் வேறு வேறு.

லேப்டாப்பில் முதல் சுற்று முடிந்தபோது 60 எம்பி பாக்கி. பாலக்கோட்டில் பழைய டெஸ்க்டாப்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், 2 எம்பி ஆனது. தருமபுரியில் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மூன்றாம் சுற்று. பாக்கி 14 செக்டர், அதாவது 28 கேபி.

வீடியோ முழுசாக ஓடியது. ஓரிடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது, ஆனால் குரல் அறுபடவில்லை. "கெட்டியா புடிச்சுக்கடா சாமி" என்கிறாள் ஆயா. அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு போட்டோவின் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல் நிறமாக நிற்கிறது. அரூரில் சித்தப்பா வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது டிஸ்க்கையும் மேப் ஃபைலையும் எடுத்துப் போகிறேன்.