எட்டு மீட்டர் கேபிளில் தடுமாறிய ஐ2சி: சுங்கை சிப்புட் காளான் கொட்டகை

அமைப்பு இதுதான்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு. சமையலறைச் சுவரில் ராஸ்பெரி பை 3 என்னும் சிறு கணினி. வீட்டுக்குப் பின்னால் சிப்பிக் காளான் கொட்டகையில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சர். நடுவில் எட்டு மீட்டர் கேட்5இ நெட்வொர்க் கேபிள். இரண்டும் பேசிக்கொள்வது ஐ2சியில்: இரண்டே சிக்னல் கம்பிகளில் சிப்புகள் தகவல் பரிமாறும் முறை. மேசையில் ஒரு சாண் ஜம்பர் வயரில் ஒரு குறையும் இல்லை. கேபிளை மாட்டியதும், இணைந்த சாதனங்களைத் தேடும் ஐ2சி-டிடெக்ட் ஸ்கேனில் சென்சரின் முகவரியான ஹெக்ஸ் 76 ஒரு தடவை தெரிகிறது, மறு தடவை காணோம். பைத்தான் நிரல் பிழை எண் 121 (சென்சர் பதில் தரவில்லை) காட்டி நிற்கிறது.

நிரலில் கை வைக்கும் முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். பஸ் (அந்த இரண்டு கம்பிகள்) சும்மா இருக்கும்போது தரவுக் கம்பி எஸ்டிஏ (பின் 3), கடிகாரக் கம்பி எஸ்சிஎல் (பின் 5) இரண்டும் 3.3 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். நின்றன. எஸ்டிஏ மட்டும் சுழியத்தில் கிடந்தால், சென்சர் பாதி பைட்டில் மாட்டிக்கொண்டு அதை இழுத்துப் பிடித்திருக்கலாம். சென்சருக்குப் போகும் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுத்தால் விட்டுவிடும்.

கொட்டகை முனையில் ஸ்குரூ டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு. நாள் முழுக்கப் பனிபோல் தண்ணீர் தெளிக்கும் இடம், வேறென்ன நடக்கும்? கிரவுண்ட் இணைப்பில் தடை ஏறினால் சென்சர் 'சுழியம்' என்று இழுத்தாலும் பையின் பக்கம் அது முழுதாக இறங்காது. வெட்டியெறிந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஹீட்ஷ்ரிங்க் குழாய் போட்டாயிற்று. பிழை குறைந்தது, போகவில்லை.

அடுத்தது கணக்கு. கேட்5இ ஜோடியின் மின்தேக்கு திறன் மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட்; எட்டு மீட்டருக்கு 400. ஐ2சி விதிமுறை அனுமதிக்கும் உச்சமே 400தான். பையில் உள்ள 1.8 கிலோ ஓம் புல்-அப்பும் (கம்பியை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் மின்தடை) சென்சர் பலகையின் 10 கிலோ ஓமும் இணையாகச் சேர்ந்து சுமார் 1.5 கிலோ ஓம். 0.85 × 1500 × 400 பிகோ = ஏறக்குறைய 510 நானோநொடி ஏற்ற நேரம், அதாவது கம்பியின் வோல்ட் கீழிருந்து மேலேற எடுக்கும் நேரம். 100 கிலோஹெர்ட்ஸில் 1000 வரை அனுமதி உண்டு. 400 கிலோஹெர்ட்ஸில் 300தான். கான்ஃபிக் கோப்பில் பாட்ரேட் (பஸ்ஸின் வேகம்) 400000 என்று கிடந்தது! அதை 100000 ஆக்கியதும் நல்ல முன்னேற்றம். 10000 வரை இறக்கியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். வேகத்தைக் குறைத்தால் துடிப்புகளின் இடைவெளி நீளும். விளிம்புகளின் கூர்மை குறையாது. எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் ஆரஞ்சு, வெள்ளை-ஆரஞ்சு என்று ஒரே முறுக்கு ஜோடியில் போயிருந்தன. எஸ்டிஏ சட்டென்று இறங்கும்போது ஒட்டி ஓடும் எஸ்சிஎல்லிலும் ஒரு குத்து விழுகிறது. சென்சர் அதைக் கடிகாரத் துடிப்பாக எண்ணிவிட்டால் பிட் வரிசை நழுவிவிடும்.

ஜோடியை மாற்றிய விதம்: ஆரஞ்சு எஸ்டிஏ, வெள்ளை-ஆரஞ்சு கிரவுண்ட், பச்சை எஸ்சிஎல், வெள்ளை-பச்சை கிரவுண்ட், நீலம் 3.3 வோல்ட், வெள்ளை-நீலம் கிரவுண்ட். சென்சரின் பவர் காலருகே 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்று.

சரிபார்க்க எளிய வழி, ஐ2சி-கெட் கட்டளையால் சிப்பின் அடையாள எண் இருக்கும் ஹெக்ஸ் டி0 பதிவேட்டை ஆயிரம் தடவை வாசிப்பது. பிஎம்இ280 எப்போதும் ஹெக்ஸ் 60தான் சொல்லும். வேறு எது வந்தாலும் பிழை. 58 வந்தால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், கையில் இருப்பது ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280. இந்த முறை 10000 வேகத்தில் ஆயிரமும் 60. 100000இலும் அப்படியே. ஆனாலும் 10000இலேயே விட்டாயிற்று. நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்க அதுவே தாராளம்.

எட்டு மீட்டரைத் தாண்டி ஐ2சியை நீட்ட மனமில்லை. செம்பனை நாற்றுமேடைக்கு 100 மீட்டர் இழுக்கும் அடுத்த வேலைக்கு ஆர்எஸ்-485, நீண்ட தூரத்துக்கான வேறொரு கம்பி முறை. அதற்கு 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485 சிப் வாங்க வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்485 அதே 5 வோல்ட்டைப் பையின் 3.3 வோல்ட் காலில் ஏற்றிவிடும்.