வயர்ஷார்க் மறக்கவில்லை

அலுவலகத்தில் இணையவழித் தொலைபேசி அழைப்புகள் பேச்சின் நடுவே அறுபட்டுக்கொண்டிருந்தன. வலையமைப்பு ஸ்விட்சில், மற்ற போர்ட்டுகளின் போக்குவரத்தை நகலெடுத்துத் தரும் ஒரு மிரர் போர்ட்டை அமைத்து, மடிக்கணினியை யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வழியாக அதில் இணைத்து, வலையமைப்புப் போக்குவரத்தைப் பதிவுசெய்து ஆராயும் மென்பொருளான வயர்ஷார்க்கை ஓடவிட்டேன். பதிவை நிறுத்தியதும் கீழ்ப்பட்டையில் தவறவிட்ட பாக்கெட்டுகளின் (தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை கண்ணை உறுத்தியது. வந்து விழும் பாக்கெட்டுகளைத் தாங்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் இயல்பாக 2 எம்பிதான். அதை 64 ஆக்கினேன். இழப்பு நின்றது.

மறுநாள் காலை திறந்தால் பழையபடி 2. சலிப்புடன் மாற்றினேன். மாலையில் பார்த்தால் மறுபடியும் 2! மென்பொருளை மனதார வைதுவிட்டு, பிறகுதான் அது எங்கே எழுதி வைக்கிறது என்று தேடினேன். உதவி மெனுவில் 'அபவுட்' சாளரத்தைத் திறந்தால் கோப்புறைகளுக்கென்று ஒரு தாவல் இருக்கிறது. நம் சொந்த அமைப்புகள் இருக்கும் இடம் அதில் தெரியும். அங்கே 'பிரிஃபரன்ஸஸ்' என்ற சாதாரண உரைக் கோப்பு. பஃபருக்கான வரியில் இன்டர்ஃபேஸின், அதாவது வலையமைப்பு இணைப்பின், பெயரும், அதையொட்டி அடைப்புக்குறிக்குள் அளவும். என் 64 பத்திரமாக அங்கேயே இருந்தது.

சிக்கல் அந்தப் பெயரில்தான். டெபியன் லினக்ஸில் ஓடும் என் கணினி யுஎஸ்பி அடாப்டர்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் உரிய வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்தே பெயர் சூட்டுகிறது. அன்று காலை நான் செருகியது நண்பரிடம் இரவல் வாங்கிய அடாப்டர். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புத் துண்டு. வயர்ஷார்க்குக்கு அது முன்பின் அறியாத ஆள்.

மாலையில் செருகியது என் சொந்த அடாப்டர்தானே? ஆம், ஆனால் மதியம், இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறையான எஸ்ஐபியின் ஆய்வுக்கென்று வயர்ஷார்க்கில் புதிய புரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) ஒன்றை உருவாக்கியிருந்தேன். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனிப் பிரிஃபரன்ஸஸ் கோப்பு. பழையதை நகலெடுத்திருந்தால் 64 கூடவே வந்திருக்கும். நானோ வெறுமையிலிருந்து தொடங்கியிருந்தேன்.

இரண்டு அடாப்டர்களின் பெயர்களையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதி, இரு புரொஃபைல்களிலும் சேர்த்தேன். முதல் முறை வயர்ஷார்க் திறந்திருக்கும்போதே திருத்திவிட்டேன். பிறகு விருப்பங்கள் சாளரத்தில் வேறெதையோ மாற்றிச் சேமித்ததும், அது தன் நினைவில் இருந்ததை எழுதி என் திருத்தத்தை அழித்துவிட்டது. மூடிவிட்டுத் திருத்தியபோது நிலைத்தது.

செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கரின் இன்டர்ஃபேஸ்களை வயர்ஷார்க் பட்டியலிலிருந்து மறைக்கும் முயற்சி மட்டும் கைகூடவில்லை. மறைப்பதும் பெயரை வைத்துத்தான். கன்டெய்னர் ஒவ்வொரு முறை எழும்போதும் அதன் இன்டர்ஃபேஸ் புதுப் பெயரோடு வருகிறது. விட்டுவிட்டேன்.

அன்று மாலைப் பதிவில் இழப்பு பூஜ்ஜியம். அழைப்புகள் அப்போதும் அறுபட்டன. ஆனால் அறுபடும் கணம் முழுசாகப் பதிவில் இருந்தது.