ஈரத்தாளின் மேல் சொன்ன பதில்

"ஆமாம், ஆயா" என்று நான் சொன்னபோது தாள் கல்லிலேயே ஒட்டியிருந்தது. மை உலரவில்லை. அந்த வரியை நான் முழுதாகப் படிக்கவும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக நினைத்து நினைத்துப் பார்த்ததில் அன்றைய வெயில், உடன் வந்தவர்கள், பேச்சின் வரிசை எல்லாம் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம். இந்த மூன்று மட்டும் மாறவில்லை.

அவர் கேட்டது இதுதான்: "ஊர் மாட்டை மீட்டுக் கொடுத்துவிட்டு உயிரை விட்டான் என்றுதானே தம்பி எழுதியிருக்கிறது?"

செங்கம் வட்டாரத்தில், சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல்லின் எழுத்தைத் தாளில் படியெடுக்கப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வேடியப்பன் என்று கும்பிடப்படும் கல்லை நெருங்கினால் ஊரே சுற்றி நிற்கும். தங்களுக்குத் தெரிந்த கதையை எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் எல்லார் முகத்திலும் இருக்கும். "படித்து முடித்ததும் சொல்கிறோம்" என்பதே நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். எத்தனையோ ஊர்களில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அன்று ஏன் சொல்லவில்லை?

சீயக்காய்தான் காரணம் என்று சில நாட்களில் தோன்றும்.

கல்லில் பல தலைமுறை எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. எழுத்து வெளியே வர வேண்டுமானால் தேய்த்துக் கழுவியாக வேண்டும். எங்கள் தூரிகையை அவர் அனுமதிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் கொண்டுவந்து தாமே கல்லின் முன் உட்கார்ந்தார். இடக் கையால் கல்லின் பிடரியைத் தாங்கிக்கொண்டு, வலக் கையால் நெற்றியிலிருந்து பின்னோக்கித் தேய்த்தார். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் புருவத்தின் மேல் விரல்களை அணைபோல் வைத்தார். கண்ணில் காரம் இறங்காமலிருக்கப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வைப்பார்கள். கண் இருந்த இடத்தில் அந்தக் கல்லுக்கு இரண்டு பள்ளங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

பிசுக்கு போனதும் அவன் தெரிந்தான். ஒரு பக்கம் சரிந்த கொண்டை, இடக் கையில் வில், வலக் கையில் குறுவாள், மார்பிலும் தொடையிலும் தைத்த அம்புகள், காலடியில் ஒரு கெண்டி. மீசை இல்லை. செதுக்கியவர் வைக்கவில்லையா, தேய்ந்துபோனதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "முளைப்பதற்குள் போய்விட்டான்" என்றார் ஆயா.

தலைக்கு மேல் வட்டெழுத்தில் நான்கு வரிகள். இரண்டாம் வரியில் 'இளமகன்' என்ற சொல் பழுதில்லாமல் இருந்தது. ஒரு தலைவனின் கீழ் நின்று போரிடும் வீரன் என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். நான் அதை வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. "இளைய மகன், அதுதானே எங்களுக்கும் தெரியும்" என்று அவர் தலையசைத்தார். அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தாமல் தாளை நனைத்து ஒட்ட ஆரம்பித்தேன்.

தாளைத் தூரிகையால் தட்டத் தட்ட அது எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பிறகு மை ஒற்றினால் கல்லின் பரப்பு கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அந்தத் தட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் அவனுடைய சக்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாடு காணாமற்போனால் அதன் கழுத்துக் கயிற்றில் ஒரு துண்டை இந்தக் கல்லின் முன் முடிந்து வைப்பார்களாம்; மூன்றாம் நாள் விடிவதற்குள் மாடு வாசலில் நிற்குமாம். அமாவாசை இரவில் அவன் ஏரிக்கரையைச் சுற்றி வருவானாம். முன்னால் ஒரு நாய் குரைத்துக்கொண்டே போகுமாம். கோமாரி வந்த ஓர் ஆண்டு, இந்தக் கல்லடி மண்ணை நெற்றியில் பூசிய எந்தக் கன்றும் சாகவில்லையாம்.

நாய் என்றதும் எனக்கு எடுத்தனூர்க் கல் நினைவுக்கு வந்தது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவகத்தி என்ற இளமகன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான். அவனோடு நின்ற கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்தது என்று அந்தக் கல் சொல்கிறது. நாயின் உருவத்தையும் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இளமகன் எந்தப் பக்கம் நின்றான் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. எடுத்தனூரை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இந்தக் கல்லையும் பார்த்தேன் என்பது எனக்கு வெகு நாட்கள் கழித்தே உறைத்தது. ஆயா கேட்கும் முன்பே, மாட்டைக் காத்தவன் என்று நானும் முடிவு செய்துவிட்டிருந்தேன் போலும்.

நான்காம் வரி 'தொறு' என்று தொடங்குகிறது. தொறு என்றால் ஆநிரை. பிறகு கல் பொரிந்துபோன இடம், மூன்று நான்கு எழுத்துகள் அளவுக்கு. அதன் பின் 'பட்டான் கல்'. நடுவில் 'மீட்டு' வரலாம், 'கொண்டு' வரலாம். நடுகற்களில் இரண்டுமே வாடிக்கையான சொற்கள். மீட்டுப் பட்டான் என்றால் கவர்ந்து போன மாட்டைத் திருப்பிக் கொண்டுவரப் போராடி இறந்தவன். கொண்டு பட்டான் என்றால் பிறர் மாட்டைக் கவர்ந்து வரும்போது இறந்தவன்.

அன்று மாலை விடுதி அறையில் தாளை விரித்தபோது, பொரிந்த இடத்தின் இடது ஓரத்தில் ஒரு வளைவு வெள்ளையாகத் தெரிந்தது. எழுத்துக்கு முன்னால் போடும் கொம்பு. 'மீ' என்றால் அங்கே கொம்பு வராது. 'கொ' என்றால் வந்தே தீரும்.

இதை நான் மறைக்கவில்லை. அறிக்கையில் 'தொறுக் கொ[ண்டு]' என்றுதான் எழுதினேன். ஐயத்துக்குரிய எழுத்துகளைப் பகர அடைப்புக்குள் போடுவது எங்கள் முறை. அந்த அடைப்பைப் பார்த்ததுமே படிப்பவர் எச்சரிக்கையாகிவிடுவார். ஆயாவுக்கு நான் சொன்ன பதிலில் அடைப்பு ஏதும் இல்லை.

அப்போதிருந்த மூத்த அலுவலரிடம் இதைச் சொன்னேன். "கல்லில் இருப்பதைப் படிப்பது நம் வேலை. ஊரில் இருக்கும் நம்பிக்கையைத் திருத்துவது நம் வேலை இல்லை" என்றார். நல்ல சொல். பல ஆண்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் நான் செய்தது வேறு. அந்த ஊரின் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. இல்லாத சான்று ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் பக்கத்து நியாயமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆநிரை கவர்வதையும் மீட்பதையும் தொல்காப்பியம் வெட்சி என்ற ஒரே திணைக்குள் வைக்கிறது. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலையில்தான் மீட்பது கரந்தை என்று தனித் திணையாக நிற்கிறது. கவர்ந்தவனுக்கும் கல் நட்டார்கள், மீட்டவனுக்கும் நட்டார்கள். தலைவன் ஏவினான், இளமகன் போனான், அம்பு பட்டு விழுந்தான். அவனைக் கள்வன் என்று இன்றைக்கு நாம் சொன்னால் அவன் காலத்து மனிதர்களுக்கே அது புரிந்திருக்காது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லும் கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரைப் பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டதுதான். கவரப் போனானா, தடுக்கப் போனானா என்று அந்தக் கல் விரித்துச் சொல்வதில்லை. நட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படியெல்லாம் யோசித்து நிம்மதி அடையும் வேளையில் இன்னொன்று வந்து இடிக்கும். இறந்தவனைச் சேர்ந்தவர்கள்தான் அவனுக்குக் கல் எடுப்பார்கள். அப்படியானால் அந்த மாடுகள் எந்த ஊருடையவை? என் வாசிப்பு சரியென்றால், மாடு பறிகொடுத்த ஊர் வேறு எங்கோ இருந்தது. மாட்டை ஓட்டி வந்தது இந்த ஊர். மூன்றாம் நாள் மாட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் அவன் சக்தி முழுவதும் 'மீட்டு' என்ற ஒரு சொல்லின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஆயாவுக்கு இது தெரியாமல் இருந்ததா, அல்லது தெரிந்தே வழிவழியாக யாரோ ஒருவர் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டார்களா? கவர்ந்து வந்தவனையே காவலுக்கு நிறுத்தி, இனி நீ கொண்டுவந்து கொடு என்று ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளாக ஓர் ஊர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அவனும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். இதை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ஆனால் நான் படித்த நான்கு வரிகளை விட இது அவனைப் பற்றி அதிகம் சொல்வதாக எனக்குப் படுகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கல்லுக்கு மேல் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பக்கத்தில் பளபளப்பான கருங்கல் பலகை ஒன்று. பொன்நிற எழுத்து. 'ஊர் ஆநிரையை மீட்டு உயிர் நீத்த இளமகன் வேடியப்பன். அரசு அலுவலர் கல்வெட்டைப் படித்துச் சொன்னபடி.' கீழே பணம் கொடுத்தவர்களின் பெயர்கள், தொகையோடு. முதல் பெயர் ஆயாவுடையது.

அவர் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். "தம்பி, நீங்கள் சொன்னதை வெட்டி வைத்துவிட்டோம், பார்த்தீர்களா?" என்றார். பலகையைக் கையால் தடவி 'மீட்டு' என்ற இடம் எது என்று கேட்டார். என் விரலால் அவர் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். "ஆயா, அந்த இடத்தில் எழுத்து சிதைந்திருக்கிறது, வேறு விதமாகவும் படிக்கலாம்" என்று இவ்வளவே போதும். அதில் பொய்யும் இல்லை, காயமும் இல்லை. பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் என் வாயை அடைத்தன என்று நினைத்தேன். அவர் விரல் என்று இன்னொரு நாள் நினைத்தேன். உண்மையில், என் பிழை வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சமாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வருகிறது.

சென்ற மாதம் அவருடைய பேரன் அழைத்தார். ஆயா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றனவாம். ஆடி மாதத்தில் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், நான் வந்து கல்வெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வருவார்களாம். "எழுத்து எழுத்தாக விளக்கிச் சொல்லுங்கள் சார், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும்" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அன்றிலிருந்து அந்த மைப்படியை மேசையிலேயே விரித்து வைத்திருக்கிறேன். மைப்படியைத் திருப்பிப் போட்டால், கல்லில் பள்ளமாக இருந்த எழுத்து தாளின் பின்புறத்தில் மேடாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் படிக்கலாம். நான்காம் வரியில் 'தொறு' வரைக்கும் விரல் தடங்கலின்றிப் போகிறது. அதன் பிறகு அந்த வளைவு. சில இரவுகளில் அது கொம்பாகவே விரலில் தட்டுகிறது. நேற்று இரவு மூன்று முறை தடவிப் பார்த்தேன். கல் பொரிந்த விளிம்பு போலத்தான் இருந்தது. அறிக்கை அச்சாகி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.