சகோதரிகள் வரைந்து வைத்த 35 படங்கள்

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது 12ஆம் நூற்றாண்டில் வரைந்தது என்றே நம்பினேன். ஒரு சின்ன மண்டபத்துக்குள் கன்னியாஸ்திரீ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கையில் எழுத்தாணி, மடியில் மெழுகுப் பலகை. மேலிருந்து செந்தீ ஐந்து விரல் மாதிரி இறங்கி அவர் தலையைப் பிடித்திருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஒரு துறவி தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறார். அந்தக் கன்னியாஸ்திரீதான் ஹில்டகார்ட், கடவுள் தனக்குக் காட்டியதாகச் சொன்ன காட்சிகளை எழுதிவைத்தவர். தீ இறங்குவது அவர் மேல்தான். துறவி, அவருக்குச் செயலராக இருந்த வோல்மார். ஆனால் நான் பார்த்தது மூலப்படம் இல்லை, நகல்.

ஹில்டகார்ட் 1098இல் ஜெர்மனியில் பிறந்தவர். டிசிபோடன்பெர்க் என்ற ஆண் துறவிகளின் மடத்தை ஒட்டிய அடைப்பறையில், அதாவது உலகத்தை விட்டு ஒதுங்கி அடைபட்டு வாழும் அறையில், யூட்டா என்ற பெண் துறவியிடம் வளர்ந்தார். பெனடிக்டின் சபை, நம் கத்தோலிக்கர் சொல்வதுபோல் ஆசீர்வாதப்பர் சபை. 1136இல் யூட்டா இறந்ததும் பெண்களுக்கு இவர்தான் தலைவி. சேர்ந்த பெண்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள், சீதனத்தோடு வந்தவர்கள், அதனால் இவர் தனி மடம் கேட்டபோது மடாதிபதி லேசில் விடவில்லை. ஹில்டகார்ட் படுக்கையில் விழுந்தார், அனுமதி கிடைத்த பிறகுதான் எழுந்தார். 1150 வாக்கில் சுமார் 20 பேரோடு, நாஹே ஆறு ரைனில் கலக்கும் பிங்கன் அருகே ரூபர்ட்ஸ்பெர்க்கில் குடியேறினார்கள். இடம் போதாமல் 1165இல் ரைனுக்கு அக்கரையில் ஐபிங்கனில் இன்னொரு மடம், அதற்கு வாரம் இரண்டு முறை படகில் போய் வருவாராம்.

எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு வந்தது 1178இல் நடந்ததைப் படித்தபோது. திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்த ஒரு பிரபுவை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார்கள். உடலைத் தோண்டி எடுங்கள் என்று மைன்ஸ் நகரத்துச் சபை அதிகாரிகள் சொன்னார்கள். அவர் சாகுமுன் பாவமன்னிப்புப் பெற்றுவிட்டார், எடுக்க மாட்டோம் என்றார் ஹில்டகார்ட். விளைவு, மடத்தில் பாடக் கூடாது, நற்கருணையும் கிடையாது. பாட்டுகள் எழுதி மெட்டமைத்து சகோதரிகளைப் பாட வைத்தவருக்கு, 80 வயதில், இந்தத் தண்டனை. கடவுளின் புகழைப் பாடவிடாமல் வாயை அடைப்பவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் கடிதம் எழுதினார். 1179இல் தடை நீங்கியது, அந்த செப்டம்பரிலேயே அவர் காலமானார்.

1632இல், முப்பதாண்டுப் போரில், ஸ்வீடன் படை ரூபர்ட்ஸ்பெர்க்கை எரித்தது. மிச்சம் நின்ற சுவர்களையும் 1857இல் ரயில் பாதைக்காகத் தகர்த்துவிட்டார்கள், இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. ஐபிங்கன் மடமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டு, அங்கே இருந்த ஹில்டகார்ட் நூல்களின் கையெழுத்துப் பிரதிகள் வீஸ்பாடன் நூலகத்துக்குப் போய்விட்டன. நூறு வருடம் கழித்து, 1904இல், ஐபிங்கனுக்கு மேலே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிய மடத்தில் மறுபடி பெனடிக்டின் சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள்.

1927இல் இவர்கள் ஒரு வேலையில் இறங்கினார்கள். ஹில்டகார்டின் காட்சிகளைச் சொல்லும் 'ஸ்கிவியாஸ்' என்ற நூலின் பிரதியை, முதலில் சொன்ன தீப் படம் உட்பட 35 படங்களோடு, பழைய முறைப்படி தோலிலேயே எழுத்துக்கு எழுத்து, நிறத்துக்கு நிறம் பார்த்துப் பார்த்து நகலெடுத்தார்கள். முடிக்க 1933 ஆனது. அப்போது மூலம் பத்திரமாக நூலகத்தில்தான் இருந்தது, இழந்துவிடுவோம் என்ற பயத்தில் செய்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். குண்டுவீச்சுக்குப் பயந்து ஸ்கிவியாஸையும், அவருடைய நூல்கள் சேர்ந்த 15 கிலோ கனமுள்ள பெரிய பிரதியையும் டிரெஸ்டன் நகர வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பினார்கள். பெரிய பிரதி 1948இல் திரும்பி வந்தது. ஸ்கிவியாஸ் 1945இலேயே காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. மூலத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் உண்டு, ஆனால் அந்தத் தீ என்ன சிவப்பு என்று அவை சொல்லாது.

சகோதரிகளையும் 1941இல் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ மடத்தைவிட்டு வெளியேற்றியிருந்தது. 1945இல் திரும்பினார்கள். நகல் இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது.